மூன்று நட்சத்திரம் என்றால் கப்டன் இல்லை: விசேட படை அதிகாரி ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பைத் தமிழில் எழுதுவது எப்படி

யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் பல வருடம் இருந்தவன் நான். இரவு பத்து மணிக்குப் பக்கம் முடிக்கிற நேரம் பார்த்துத்தான் இப்படியான வேலை வந்து சேரும். அமெரிக்காவில் ஒருவர் விசேட படைகளின் தளபதியாகியிருப்பார், இன்னொருவர் ஓய்வுபெற்றிருப்பார், வேறொருவர் செனட் சபை முன் விளக்கம் கொடுத்திருப்பார். "ஆர் இந்த மனிசன்? முந்நூறு சொல்லிலை ஒரு குறிப்புப் போடுங்கோ" என்று ஆசிரியர் பீடத்திலிருந்து குரல் வரும்.

இப்போது புதிதாக வருகிற பிள்ளைகள் ஆங்கிலக் குறிப்பை அப்படியே மொழிபெயர்ப்பு மெசினுக்குள் போட்டுவிடுகிறார்கள். ஒரு தம்பி கொண்டுவந்த பிரதியில் "முப்பது வருடம் விசேட சத்திரசிகிச்சைகளில் ஈடுபட்ட, மிகவும் அலங்கரிக்கப்பட்ட அதிகாரி" என்று இருந்தது. ஒப்பரேஷன் என்றால் எங்களுக்கும் முதலில் ஆஸ்பத்திரிதானே ஞாபகம் வருகிறது, மெசினை மட்டும் குற்றம் சொல்லி என்ன செய்ய? பதக்கங்கள் பெற்ற மனிதர் நல்லூர்த் தேர் மாதிரி அலங்காரத்தோடு வந்து நின்றார். அடுத்த பந்தியில் அவர் "மத்திய கிழக்கு நாடக அரங்கில்" பணிபுரிந்து, "கடற்படை முத்திரைகளுக்கு" தலைமை தாங்கி, "புத்திசாலித்தனத்தை" சேகரித்திருந்தார். போர்க்களம், சீல் படை, புலனாய்வு என்று வரவேண்டியவை அவை.

அந்தத் தம்பிக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அமெரிக்க அதிகாரிகளை வைத்தே சொல்கிறேன், எங்கள் பக்கத்துக்கு அதிகம் வருவது அவர்களுடைய குறிப்புகள்தான்.

முதலில் ஒரு கொப்பி

ஆங்கிலக் குறிப்பை மேலிருந்து கீழே மொழிபெயர்க்கத் தொடங்கவே வேண்டாம். படைத் தலைமையகங்கள் வெளியிடும் குறிப்பு, இன்றைய பதவியில் ஆரம்பித்துப் புகழ்ச்சியாக இறங்கி, எங்கோ கீழே மனைவி பிள்ளைகளில் முடியும். கொப்பியின் ஒரு பக்கத்தில் நடுவே கோடு போடுங்கள். இடது பக்கம் ஆண்டு, வலது பக்கம் அந்த ஆண்டில் அவர் இருந்த கதிரை. பெயரடை எதையும் எழுதக்கூடாது. "துணிச்சலான", "தலைசிறந்த" எல்லாம் கதிரை இல்லை.

முதல் வரி, அவர் அதிகாரியாக நியமனம் பெற்ற ஆண்டு. வெஸ்ட் பொயின்ற் அல்லது அனாபொலிஸ் படைக் கல்லூரியால் வந்தாரா, சாதாரணப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே பயிற்சி எடுத்து வந்தாரா, சிப்பாயாக இருந்து பிறகு அதிகாரிப் பள்ளிக்குப் போனாரா என்று பாருங்கள். "படையில் சேர்ந்தார்" என்ற ஒரே வசனத்துக்குள் இந்த மூன்றையும் போட்டு மூடிவிடுகிறோம். சிப்பாயாகத் தொடங்கி ஜெனரலானவரையும் இருபத்திரண்டு வயதில் நேரே அதிகாரியாக வந்தவரையும் வாசகர் ஒன்றாகத்தான் விளங்கிக்கொள்வார்.

எல்லாம் எழுதி முடித்ததும் இடது பக்கத்தைப் பாருங்கள். ஆண்டுகள் எங்காவது துள்ளுகின்றனவா? துள்ளினால் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி. இந்தக் கொப்பி வேலைக்கு அரை மணித்தியாலம் போதும்.

தோளில் இருக்கும் நட்சத்திரம்

இங்கேதான் யாழ்ப்பாணத்துக்காரர்கள் விசேடமாகச் சறுக்குகிறோம். காரணம், நாங்கள் படையினரின் தோளைப் பார்த்துப் பழகியவர்கள். இலங்கை இராணுவம் பிரித்தானிய வழி: ஒரு நட்சத்திரம் இரண்டாம் லெப்டினன்ட், இரண்டு லெப்டினன்ட், மூன்று கப்டன். அமெரிக்காவிலோ நட்சத்திரக் கணக்கே ஜெனரல்களுக்கும் அவர்களுக்குச் சமமான கடற்படை அட்மிரல்களுக்கும்தான். தரைப்படையில் ஒன்று பிரிகேடியர் ஜெனரல், இரண்டு மேஜர் ஜெனரல், மூன்று லெப்டினன்ட் ஜெனரல், நான்கு ஜெனரல்.

இதில் மாட்டியவன் நான். மொழிபெயர்த்த பிள்ளை சரியாகத்தான் எழுதியிருந்தா. நான் அவசரத்தில் "மூன்று நட்சத்திர அதிகாரி" என்பதைக் கப்டன் என்று திருத்தி, அதையே தலைப்பிலும் ஏற்றிவிட்டேன். அடுத்தநாள் காலை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ரெலிபோன் எடுத்தார். "தம்பி, ஒரு கப்டனைப் பிடிச்சு செனட்டிலை ஆர் விசாரிக்கப் போகினம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

தரைப்படையின் படிக்கட்டு இப்படி: இரண்டாம் லெப்டினன்ட், முதலாம் லெப்டினன்ட், கப்டன், மேஜர், லெப்டினன்ட் கேணல், கேணல். பிறகு நான்கு ஜெனரல்கள். சேர்ந்து ஏறத்தாழ 4 வருடத்தில் கப்டன், 10இல் மேஜர், 16இல் லெப்டினன்ட் கேணல், 22இல் கேணல் என்பது பொதுவான கணக்கு. உங்கள் கொப்பியில் ஒருவர் இந்தக் கணக்கை விட முந்தி ஓடியிருந்தால் யாரோ அவரைக் கவனித்திருக்கிறார்கள். பிந்தியிருந்தால் ஏதோ நடந்திருக்கிறது. மேலே போகாதவர் நெடுங்காலம் அங்கேயே இருக்கவும் முடியாது, பதவி உயர்வு இரண்டு முறை தவறினால் பெரும்பாலும் வீட்டுக்குத்தான். ஜெனரல்களின் எண்ணிக்கைக்குச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது, ஒவ்வொரு பெயரும் செனட்டின் ஒப்புதலுக்குப் போகவேண்டும்.

மேஜர் லெப்டினன்ட்டை விடப் பெரியவர். ஆனால் லெப்டினன்ட் ஜெனரல் மேஜர் ஜெனரலை விடப் பெரியவர். இது அச்சுப்பிழை என்று நினைத்து மாற்றி எழுதியவர்களைக் கண்டிருக்கிறேன். பழைய ஐரோப்பியப் படைகளில் மேஜர் ஜெனரலின் பெயர் "சார்ஜன்ட் மேஜர் ஜெனரல்". முன்னால் இருந்த சார்ஜன்ட் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது, வரிசை மாறவில்லை.

கடற்படைதான் பெரிய குழி. சீல் படை கடற்படையைச் சேர்ந்தது என்பதால் இந்தக் குழிக்குள் விழாமல் தப்புவது கடினம். கடற்படைக் கப்டன் தரைப்படைக் கேணலுக்குச் சமம். தரைப்படைக் கப்டனுக்குச் சமமானவர் கடற்படையில் வெறும் லெப்டினன்ட். ஆகவே ஒரு சீல் அதிகாரி கப்டன் என்றால் அவர் படையில் இருபது வருடத்துக்கு மேல் கழித்த ஆள். தமிழில் எப்போதும் "கடற்படைக் கப்டன்" என்றே எழுதுங்கள், முதல் தடவை "கேணலுக்குச் சமமான தரம்" என்று ஒரு சிறு விளக்கமும் சேருங்கள்.

இன்னொன்றையும் மனதில் வைத்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் லெப்டினன்ட், கப்டன், மேஜர், லெப். கேணல் என்ற சொற்களைப் பலர் முதன்முதலில் வாசித்தது சுவரொட்டிகளில், இறந்தவரின் பெயருக்கு முன்னால். புலிகள் இயக்கம் அந்தத் தரங்களைப் பெரும்பாலும் இறந்த பின்னரே அறிவித்தது. அதனால் தரம் என்ற சொல் எங்கள் காதில் விழும் விதமே வேறு. ஓர் அமெரிக்க அதிகாரியின் குறிப்பில் அது சம்பளப் படி, ஓய்வூதியக் கணக்கு. என் அனுபவத்தில், வயதான வாசகர்களுக்கு இதை ஒரு சொல்லிலாவது உணர்த்தாவிட்டால் குறிப்பு முழுவதையும் அவர்கள் வேறு தொனியில் வாசிக்கிறார்கள்.

அணியின் பெயர்

எங்கள் பத்திரிகைகளில் "விசேட அதிரடிப்படை" என்றால் அது இலங்கைப் பொலிஸின் பிரிவு. அமெரிக்கப் படைக்கு அந்தச் சொல்லைப் போட்டீர்களானால் வாசகரின் கண் முன்னால் வேறு சீருடை வந்து நிற்கும். "கொமாண்டோ" என்பதும் இங்கே ஒரு ரெஜிமென்ட்டின் பெயர். நான் பயன்படுத்துவது "விசேட நடவடிக்கைப் படைகள்". இது குடைச்சொல். அதற்குள் சீல் படை, ரேஞ்சர் ரெஜிமென்ட், இரவில் ஹெலிகொப்டர் ஓட்டும் தரைப்படையின் 160ஆவது பிரிவு, பச்சைத் தொப்பிக்காரர் (தரைப்படையின் "கிறீன் பெரே") எல்லாம் அடக்கம். அமெரிக்க வழக்கில் "விசேட படைகள்" என்று மொட்டையாகச் சொன்னால் அது பச்சைத் தொப்பிக்காரரை மட்டும்தான் குறிக்கும். ஒரு சீல் அட்மிரலை "விசேட படைகள் அதிகாரி" என்று எழுதினால் தமிழில் யாருக்கும் உறுத்தாது, விஷயம் தெரிந்தவருக்கு உறுத்தும்.

பச்சைத் தொப்பிக் கப்டன் ஒருவரின் கீழே இருப்பது 12 பேர் கொண்ட ஒரு குழு, அவரையும் சேர்த்து. அதே தரத்தில் உள்ள காலாட்படைக் கப்டன் நூறு, நூற்றைம்பது பேர் கொண்ட கம்பனியைப் பார்க்கிறார். "வெறும் 12 பேருக்குத்தானா தலைவர்" என்று இளக்காரமாக எழுதிவிடக்கூடாது. இந்தப் பாதைக்கு அவர் நேரே வந்திருக்கவும் மாட்டார், முதலில் வேறு படைப்பிரிவில் சில வருடம் இருந்துவிட்டுத்தான் விண்ணப்பித்திருப்பார். சீல் அதிகாரிகள் நியமனம் பெற்ற கையோடு நேரே போகலாம். "கம்பனி" என்ற சொல்லையும் தனியே விடாதீர்கள். "நான்கு வருடம் ஒரு கம்பனியை நடத்தினார்" என்று வாசித்தால் கஸ்தூரியார் வீதியில் நகைக்கடை வைத்திருந்தார் என்றே நினைப்பார்கள்.

சில குறிப்புகளில் இரண்டு மூன்று வருடத்துக்கு அணியின் பெயரே இருக்காது. "கூட்டு விசேட நடவடிக்கைக் கட்டளைப்பீடம், போர்ட் பிராக்" என்று இடம் மட்டும் இருக்கும். பெயர் வெளியே சொல்லப்படாத அணிகள் அந்தக் கட்டளைப்பீடத்தின் கீழ் இயங்குகின்றன. ஊகித்து ஓர் அணியின் பெயரைப் போடாதீர்கள், இருக்கிற வரியை அப்படியே எழுதுங்கள்.

படித்த பள்ளிகளில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ரேஞ்சர் பள்ளி வேறு, ரேஞ்சர் ரெஜிமென்ட் வேறு. பள்ளி இரண்டு மாதப் பயிற்சி. அதை முடித்துத் தோளில் பட்டி குத்தியவர்கள் படை முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அந்த ரெஜிமென்ட்டில் ஒருநாளும் இருந்ததில்லை.

கட்டளைக் கதிரையும் மேசைக் கதிரையும்

இனிக் கொப்பியின் வலது பக்கத்தில் ஒவ்வொரு பதவிக்கும் பக்கத்தில் "க" அல்லது "மே" என்று எழுதுங்கள். ஆட்களுக்கு நேரடியாகக் கட்டளையிட்ட பதவி "க". திட்டமிடல், ஆலோசனை, உதவியாளர் வேலை "மே". ஒருவரை மேலே கொண்டுபோவது பெரும்பாலும் "க"க்கள்தான்: லெப்டினன்ட் கேணலாக ஒரு பட்டாலியன், கேணலாக ஒரு பிரிகேட் அல்லது ரெஜிமென்ட். ஒவ்வொன்றும் இரண்டு வருட அளவில் முடிந்துவிடும். முப்பத்தைந்து வருடச் சேவையில் உண்மையாகக் கட்டளையிட்ட காலத்தைக் கூட்டிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு வருடம் வந்தாலே பெரிய விஷயம். மிச்சமெல்லாம் மேசை.

மேசைக் காலத்தைப் புதியவர்கள் வெட்டிவிடுகிறார்கள், சண்டை இல்லாததால் சுவாரசியம் இல்லை என்று. வெட்டாதீர்கள். 1986இல் வந்த கோல்ட்வோட்டர்-நிக்கல்ஸ் சட்டப்படி, முப்படைகளும் சேர்ந்து வேலை செய்யும் அலுவலகம் ஒன்றில் காலம் கழிக்காமல் ஜெனரல் ஆவது கடினம். வொஷிங்டனில் அந்த இரண்டு வருடம் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இதுதான்.

அந்தச் சட்டம் வந்த கதையை ஒரு பந்தியாவது தெரிந்து வைத்திருங்கள், எந்தக் குறிப்புக்கும் உதவும். 1980 ஏப்ரலில் தெஹ்ரானில் பிணைக்கைதிகளாக இருந்த அமெரிக்கர்களை மீட்கப் புறப்பட்டார்கள். விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பியவை 8 ஹெலிகொப்டர்கள். பாலைவனத்தில் சந்திக்கவேண்டிய இடத்துக்கு வந்தவை 6. அவற்றிலும் ஒன்று பழுது. குறைந்தது 6 வேண்டும் என்பது திட்டம், ஆகவே கைவிட்டுத் திரும்பும்போது ஒரு ஹெலிகொப்டர் எரிபொருள் விமானத்தில் மோதி 8 பேர் இறந்தார்கள். முப்படைகளும் தனித்தனியாக ஆட்களைக் கொடுத்து அவசரத்தில் ஒட்டுப்போட்ட வேலை அது. அந்தத் தோல்வியின் விசாரணைகளும் விவாதங்களும்தான் 1987 ஏப்ரல் 16இல், புளோரிடா மாநிலத்துத் தம்பாவில், அமெரிக்க விசேட நடவடிக்கைக் கட்டளைப்பீடம் உருவாக வழிவிட்டன. இன்று இந்தத் துறையில் நான்கு நட்சத்திரம் என்றால் முதலில் அந்தக் கதிரைதான்.

பதக்கம்

சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளி நட்சத்திரம் போர்க்களத் துணிவுக்கு மட்டும். வெண்கல நட்சத்திரம் துணிவுக்கும் கிடைக்கும், போர்ப் பிரதேசத்தில் நல்ல நிர்வாகம் செய்ததற்கும் கிடைக்கும். துணிவுக்கானதில் "வி" என்ற எழுத்துச் சின்னம் இருக்கும். ஊதா இதயம் காயப்பட்டதற்கு. "இரண்டு ஓக் இலைக் கொத்துகளுடன்" என்றால் அந்தப் பதக்கம் மொத்தம் மூன்று முறை கிடைத்தது என்று அர்த்தம், ஒவ்வொரு இலையும் இன்னொரு தடவை. முந்நூறு சொல்லில் இரண்டு பதக்கத்துக்கு மேல் வேண்டாம்.

ஒருவரை வைத்துச் செய்து பார்ப்போம்

வில்லியம் மக்ரேவனை எடுப்போம். 2014 மே மாதம் டெக்சாஸ் பல்கலைக்கழகப் பட்டமளிப்பில் அவர் பேசியது இணையத்தில் பரவி, காலையில் எழுந்ததும் படுக்கையைச் சரிசெய்யச் சொன்ன அட்மிரல் என்று இங்கேயும் பலருக்குத் தெரியும். புதியவர்கள் அங்கேயே தொடங்குவார்கள். அது அவருடைய கதையின் கடைசிப் பக்கம்.

கொப்பியின் முதல் வரி: 1977, டெக்சாஸ் பல்கலைக்கழகப் பட்டம், கடற்படை அதிகாரி. என்ன பட்டம் தெரியுமா? பத்திரிகைத்துறை. எங்கள் ஆள்! இப்படியான ஒன்றை விட்டுவிடாதீர்கள். இங்கே வாசகர் நிமிர்ந்து உட்காருவார்.

அவருடைய உத்தியோகபூர்வக் குறிப்பில் விசேட நடவடிக்கைத் துறையின் எல்லா மட்டத்திலும் கட்டளையிட்டவர் என்று ஒரு நீளமான வரி இருக்கிறது. அதை உடைத்தால் குழிகள் வரிசையாகத் தெரியும். கடற்படை விசேட போர்முறைக் குழு ஒன்றின் "கொமடோர்" என்று வரும். இலங்கைக் கடற்படையில் கொமடோர் ஒரு தரம். இங்கேயோ அது கதிரையின் பெயர், அமர்ந்திருந்தவரின் தரம் கடற்படைக் கப்டன். கூட்டுக் கட்டளைப்பீடத்தின் பிரதித் தளபதி என்ற பதவியின் ஆங்கிலப் பெயரில் "ஜெனரல்" என்ற சொல் இருக்கும். அதைப் பார்த்து அட்மிரலை ஜெனரல் ஆக்கிவிடுவார்கள். தமிழில் "பிரதித் தளபதி" என்று முடித்தால் வில்லங்கம் இல்லை.

அந்த வரியிலேயே ஓர் அணிக்குத் தலைமை வகித்த பதவியும் இருக்கிறது. அது எப்படி முடிந்தது என்பது மட்டும் இல்லை. 1983இல் மேலதிகாரி அவரை அந்தப் பதவியிலிருந்து நீக்கினார், பிறகு அவரே அதைப் பேசியும் இருக்கிறார். இங்கே ஒரு சொல்லைப் படித்துக்கொள்ளுங்கள். கடற்படையில் பொறுப்பை வழமையாகக் கைமாற்றும்போது வருகிறவர் போகிறவரிடம் "உங்களை விடுவிக்கிறேன்" என்ற அர்த்தத்தில் ஒரு சொல்லைச் சொல்வார். ஒருவரைப் பிடித்து வெளியே தள்ளும்போது செய்தியில் வருவதும் அதே ஆங்கிலச் சொல்தான். முன்பின் வரியை வாசித்துத்தான் "பொறுப்பைக் கையளித்தார்" என்றா "நீக்கப்பட்டார்" என்றா எழுதுவது என்று தீர்மானிக்க வேண்டும். தவறினால் ஒரு மனிதரின் பெயர் கெட்டுப்போகும்.

அடுத்து 1993. மொன்ரெறியில் உள்ள கடற்படை முதுகலைப் பள்ளியில் ஓர் ஆய்வு. மேசைக் காலம்தான், ஆனால் அவரை விளங்கிக்கொள்ள இதுதான் வாசல். 1940இல் ஜேர்மனியர் பெல்ஜியக் கோட்டையொன்றைக் கிளைடரில் வந்து பிடித்ததிலிருந்து 1976இல் இஸ்ரேலியர் என்ரெபே விமான நிலையத்தில் பிணைக்கைதிகளை மீட்டது வரை எட்டுத் தாக்குதல்களை எடுத்து, சிறிய படை பெரிய படையை எப்படி வெல்கிறது என்று கேட்டார். எளிய திட்டம், இரகசியம், திரும்பத் திரும்ப ஒத்திகை, எதிர்பாராத அடி, வேகம், நோக்கத் தெளிவு என்று ஆறு காரணம் சொன்னார். எதிரியை விட ஒரு கணம் மேலே நிற்கும் நிலையை எவ்வளவு விரைவில் அடைகிறோமோ அவ்வளவுக்கு ஆபத்துக் குறையும் என்பது சாரம்.

இதை எங்கள் வாசகருக்கு விளக்க என்ரெபே வரை போகத் தேவையில்லை, கொக்குவிலுக்குப் போனால் போதும். 1987 ஒக்ரோபர் 11ஆம் திகதி இரவு இந்திய அமைதிப்படை, புலிகளின் தலைமையைப் பிடிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகொப்டர்களில் பரா கொமாண்டோக்களையும் சீக்கியக் காலாட்படையினரையும் இறக்கியது. இரகசியமும் இல்லை, எதிர்பாராத அடியும் இல்லை, புலிகள் காத்திருந்தார்கள். இறங்கிய சீக்கியர் 30 பேரில் 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். கொமாண்டோக்கள் போய் நின்ற பிரம்படி ஒழுங்கையில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள், அவர்களுக்கு அங்கே நினைவுத்தூபி இருக்கிறது. அந்தப் பக்கம் வீடிருக்கும் ஒருவருக்கு மக்ரேவனின் ஆறு காரணத்தையும் சொல்லிப் பாருங்கள். எங்கே பிழைத்தது என்று அவர் உங்களுக்குச் சொல்வார்.

2001 ஜூலையில் பரசூட் விபத்து, இடுப்பெலும்பு உடைந்தது. கட்டளைக் கதிரையில் இருந்தவர் மேசைக்கு வந்தார். செப்ரெம்பர் தாக்குதலுக்குப் பிறகு வெள்ளை மாளிகையில் பயங்கரவாத எதிர்ப்புத் திட்டங்களை எழுதும் வேலை. கொப்பியில் இது வெறும் "மே". ஆனால் விபத்து நடக்காவிட்டால் அவர் ஜனாதிபதியின் அலுவலகத்துக்கு அந்த நேரம் போயிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

2008 முதல் 2011 வரை கூட்டு விசேட நடவடிக்கைக் கட்டளைப்பீடத்தின் தளபதி. பின்லாடன் கொல்லப்பட்டது இந்தக் காலத்தில்தான். திகதி கவனம்: வொஷிங்டனில் 2011 மே 1 ஞாயிறு, சம்பவம் நடந்த பாகிஸ்தானின் அபொட்டாபாத்தில் மே 2 அதிகாலை. எங்கள் கணக்கிலும் மே 2 திங்கள். ஒபாமா அறிவித்தபோது எங்களுக்குக் காலை ஒன்பது மணி கடந்திருந்தது. மே 1 என்று எழுதும் குறிப்பு அமெரிக்கக் கடிகாரத்தைப் பார்க்கிறது. மக்ரேவன் பின்லாடன் ஒளிந்திருந்த வீட்டில் இறங்கவில்லை. ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத்தில் இருந்து நடத்தினார். "பின்லாடனைக் கொன்றவர்" என்று தலைப்புப் போட வந்த தம்பியைத் தடுக்க எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. சடலத்தின் உயரத்தை அளக்க நாடா இல்லாமல், உயரமான ஒரு சீல் வீரரைப் பக்கத்தில் படுக்கவைத்துப் பார்த்தார்கள் என்ற கதை வேண்டுமானால் அவர் சொன்னதாகப் போடலாம்.

2011 ஓகஸ்ட் முதல் 2014 ஓகஸ்ட் வரை தம்பாவில் அந்த நான்கு நட்சத்திரக் கதிரை. அவருக்குப் பின் அதில் அமர்ந்தவர் ரேஞ்சர் ரெஜிமென்ட்டிலிருந்து வந்த ஜோசப் வோட்டல், அவரும் கூட்டுக் கட்டளைப்பீடத்தை நடத்திவிட்டு வந்தவர். அதற்கு அடுத்த ரொனி தோமஸும் அப்படித்தான். இரண்டு மூன்று பேரின் கொப்பிப் பக்கங்களைப் பக்கத்தில் வைத்தால் எந்தக் கதிரைக்கு எந்தக் கதிரை ஏணி என்று தானாகத் தெரியும்.

குறிப்பில் இல்லாதது

கேள்விக்குறி போட்ட இடங்களுக்குத் திரும்புங்கள். அத்தோடு ஒவ்வொரு "க" கதிரைக்கும் எதிர்ப்பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று தேடுங்கள். இது எந்தத் தலைமையகமும் எழுதித்தராது.

2010 பெப்ரவரி 12, ஆப்கானிஸ்தானின் கார்டேஸ் நகருக்கு அருகே கட்டாபா என்ற கிராமம். பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும் கொண்டாட்டம் நடந்த வீட்டை அமெரிக்க விசேட நடவடிக்கைப் படையினர் இரவில் சுற்றிவளைத்தார்கள். ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அதில் இரண்டு பெண்கள் கர்ப்பிணிகள், ஒரு பிள்ளை பதின்மவயது. வந்த படையினர் பெண்களை ஏற்கனவே கட்டிக் கொல்லப்பட்ட நிலையில் கண்டார்கள் என்றது நேட்டோவின் முதல் அறிக்கை. வெளிநாட்டு நிருபர் ஒருவர் அந்த வீட்டுக்கே போய் விசாரித்து எழுதினார். ஏப்ரலில் நேட்டோ பொறுப்பை ஏற்றது. அந்த மாதமே மக்ரேவன், அப்போது அவர் மூன்று நட்சத்திர அதிகாரி, செம்மறி ஆடுகளோடு அந்த வீட்டு வாசலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். ஆட்டைப் பலியிட வந்து மன்னிப்புக் கோருவது அந்தப் பகுதிப் பஷ்தூன் வழக்கம்.

இரவில் வீட்டைச் சுற்றிவளைப்பது என்றால் என்ன என்று யாழ்ப்பாண வாசகருக்கு அடிக்குறிப்புப் போடத் தேவையில்லை. அதனால் கூடுதல் கவனம் வேண்டும். உணர்ச்சியைக் கூட்டாதீர்கள், குறைக்கவும் வேண்டாம். எண்ணிக்கை, இடம், முதலில் சொன்னது, பிறகு ஒத்துக்கொண்டது என்ற நான்கையும் வரிசையாக எழுதினால் காணும்.

அச்சுக்குப் போகுமுன்

பிரதியைப் படை விஷயம் ஒன்றும் தெரியாத ஒருவருக்கு உரத்து வாசித்துக் காட்டுங்கள். எங்கள் அலுவலகத்தில் அது இரவுக் காவல்காரர் ஐயா. பிளேன்ரீயோடு நின்று கேட்பார். "அப்ப இவர் சண்டை பிடிச்சவரோ, பிடிக்கச் சொன்னவரோ?" என்று அவர் கேட்டால் உங்கள் குறிப்பில் "க"வும் "மே"யும் பிரியவில்லை. கப்டன் என்று வரும் இடமெல்லாம் எந்தப் படை என்று பாருங்கள். "மற்றும்" வருகிற இடத்தில் மெசின் நுழைந்திருக்கும், வசனத்தைத் திரும்ப எழுதுங்கள்.

அந்தத் தம்பி கடைசியாகக் கொண்டுவந்த தொடக்கம் இது:

"டெக்சாஸில் பத்திரிகைத்துறை படித்த வில்லியம் மக்ரேவன் 1977இல் கடற்படை அதிகாரியானார். சீல் அணியொன்றின் பொறுப்பிலிருந்து 1983இல் நீக்கப்பட்டார். பத்து வருடம் கழித்து, சிறிய படை எப்படி வெல்கிறது என்று ஆய்வு எழுதினார். பின்லாடனைத் தேடிச்சென்ற படையினரை 2011இல் ஜலாலாபாத்திலிருந்து வழிநடத்தினார். நான்கு நட்சத்திர அட்மிரலாக 2014இல் ஓய்வுபெற்றார்."

நாற்பது சொல்லுக்குள் முப்பத்தேழு வருடம். "மிச்ச இடத்துக்கு என்ன போட?" என்று கேட்டான். கட்டாபாவையும் ஆடுகளையும் போடச் சொன்னேன்.